டெல்லியில் வயதானவர்களின் நடைப்பயிற்சி: பொழுதும் பருவமும் பார்த்து ஆண்டு முழுக்கத் திட்டமிடுவது எப்படி?

சென்னையில் ஜூன் மாதத்துப் பகலுக்கும் டிசம்பர் மாதத்துப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். டெல்லியில் அது மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஜூன் 21 அன்று இங்கே காலை 5.25-க்குள் சூரியன் வந்துவிடுகிறது, மாலை 7.20 வரை போவதில்லை. டிசம்பர் 21 அன்று 7.10-க்கு உதித்து 5.30-க்கு மறைந்துவிடுகிறது. ஜனவரி நடுவில் விடியல் இன்னும் தள்ளி 7.15 ஆகும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ வாழ்நாள் முழுக்க ஐந்தரை மணிக்கு எழுந்து நடந்த ஒருவர், ஓய்வுபெற்றபின் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ டெல்லி வருகிறார். அதே ஐந்தரைக்குக் கிளம்புகிறார். ஜூனில் அது நல்ல நேரம். டிசம்பரில் அதே ஐந்தரை கும்மிருட்டு, ஏழெட்டு டிகிரி குளிர், காற்றும் மோசம். இரண்டு வாரம் பிடிவாதமாகப் போவார், இருமல் வரும், வீட்டில் எல்லோரும் சத்தம் போடுவார்கள், நடை நின்றுவிடும். ஹோலி வரை ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள். மார்ச்சில் கால் கொஞ்சம் பழகி வருவதற்குள் ஏப்ரல் கடைசியில் வெயில் கதவைச் சாத்திவிடும். கணக்குப் பார்த்தால் வருடத்தில் நாலைந்து மாதம்தான் நடந்திருப்பார்.

எழுபது வயதுக்கு மேல் இழந்த கால் வலு தானாகத் திரும்பி வராது. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தவர் அடுத்த கோடையில் இரண்டாம் மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறார், அதற்கடுத்த வருடம் ஏறவே யோசிக்கிறார். ஆகவே டெல்லியில் மாறாமல் இருக்கவேண்டியது நடக்கும் பழக்கம். நடக்கும் நேரமும் இடமும் பருவத்தோடு மாறிக்கொண்டேதான் இருக்கவேண்டும். அதைச் செய்வது எப்படி என்று ஆர்.கே. புரம், கரோல் பாக், மயூர் விஹார், துவாரகா பக்கம் பெற்றோரோடு இருக்கும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை: இப்போதைய வலு எவ்வளவு?

ஷூ வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அப்பாவோ அம்மாவோ கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். 70 முதல் 74 வயதுக்குள் ஆண்களுக்கு 12-க்குக் குறைவாகவும், பெண்களுக்கு 10-க்குக் குறைவாகவும் வந்தால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் சோதனையை நிறுத்தி எண்ணைப் பூஜ்யம் என்று குறிக்கவேண்டும்.

எண்ணைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இதே சோதனையை அக்டோபரில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை செய்தால் குளிர்காலம் எவ்வளவு தின்றது என்று தெரிந்துவிடும். கையில் கட்டும் கடிகாரம் காட்டும் அடிக்கணக்கைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றபோது பரவியது. எழுபத்தைந்து வயது மாமிக்காகக் கணக்கிட்டது இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வேறு: வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, அதோடு 65 வயது தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் தசை வலுவும் தரும் பயிற்சி. பெரும்பாலோர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். விழாமல் காப்பாற்றுவது இரண்டாவது பாதி.

‘மிதமான’ என்பதற்கு எளிய அளவு உண்டு. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. இதய நோய், மூச்சுத் தொல்லை, சமீபத்தில் அறுவை சிகிச்சை, அடிக்கடி தலைசுற்றல் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இரண்டாவது: உங்கள் வீட்டுக்கு வெயில் எந்தப் பக்கம், எப்போது?

டிசம்பரில் டெல்லியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரம்தான் ஏறும். சென்னையில் அதே நாளில் 53 டிகிரி. அதனால் இங்கே கட்டட நிழல் நீளம். நாலு மாடிக் கட்டடத்தின் நிழல் உச்சிப்பொழுதிலும் எதிர் பிளாக்கின் கீழ்த்தளம் வரை எட்டும். நெருக்கமாகக் கட்டிய குடியிருப்புகளில் தரைத்தள வீட்டுக்கு டிசம்பர் முழுக்க நேர் வெயிலே விழாமல் போகலாம். வெளியே இதமான வெயில் அடிக்கும்போது உள்ளே பெரியவர் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பாருங்கள்: பால்கனியில், மொட்டைமாடியில், கீழே பார்க்கில், எந்த இடத்தில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வெயில் இருக்கிறது? தெற்கு பார்த்த பால்கனிக்குக் குளிர்காலத்தில் வெயில் உள்ளே வரை வரும், கோடையில் சூரியன் தலைக்குமேல் போய்விடுவதால் அதே பால்கனியில் தொல்லை குறைவு. வீடு மாற்றும் எண்ணம் இருந்தால், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கார் பார்க்கிங்கைவிட நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வெளிச்சம் உடம்பை எழுப்பும் மருந்தும்கூட. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, கண்மணி சுருங்குகிறது, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் இருந்தால் உடம்பின் உள்கடிகாரம் குழம்பிப் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, எதிலும் மனம் ஒட்டாமை என்று போகும். காலையில் காபியை ஜன்னலோரத்திலோ பால்கனியிலோ கொடுப்பது சின்ன விஷயம்தான், ஆனால் பலன் தெரியும்.

மூன்றாவது: பருவத்துக்கு ஒரு நேரம்

*நவம்பர் முதல் ஜனவரி வரை.* இதுதான் டெல்லியின் சிக்கலான காலம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோல அதை அமுக்கி வைக்கிறது. வண்டிப் புகை, குப்பை எரிக்கும் புகை, அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகை எல்லாம் அந்த மூடிக்கு அடியில் சேர்ந்துவிடும். காலை ஏழிலிருந்து பத்து வரையும், இரவு ஒன்பதுக்கு மேலும் துகள்கள் அதிகம். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி மேலே தூக்கிக்கொள்ள, புகை கலைகிறது. பொதுவாக மதியம் இரண்டிலிருந்து நாலரை வரைதான் நாளின் சுமாரான காற்று. ஆகவே குளிர்காலத்தில் காலை நடையை விட்டுவிடுங்கள். சாப்பிட்டு, ஒரு மணி நேரம் விட்டு, இரண்டரைக்குக் கிளம்பினால் காற்று, வெயில், வெளிச்சம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். நாலே முக்காலுக்கு வீடு திரும்பிவிடவேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கு இருட்டிவிடும்.

காற்றைப் பார்க்க, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலி போதும். ஊர் முழுவதற்குமான எண்ணைப் பார்க்காதீர்கள், பக்கத்து நிலையத்தைப் பாருங்கள். ஆர்.கே. புரத்தில் ஒன்று இருக்கிறது. மயூர் விஹார்க்காரர்களுக்குப் பட்பர்கஞ்ச், துவாரகாவுக்கு செக்டர் 8. ஒரு நுணுக்கம்: ஏ.க்யூ.ஐ. என்ற காற்றுத் தர எண் 24 மணி நேரச் சராசரி. இந்த நிமிடத்துக் காற்று எப்படி என்று அது சொல்லாது. மணிவாரியான பி.எம். 2.5 (மிக நுண்ணிய துகள்) அளவு எங்கே கிடைக்கிறதோ அதைப் பாருங்கள். என் கணக்கு இது: 90-க்குள் வழக்கமான நடை, 91 முதல் 120 வரை மெதுவாக, பாதி நேரம், 120 தாண்டினால் வீட்டுக்குள் பயிற்சி. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), இதய நோய் உள்ளவர்கள் 60 தாண்டும்போதே யோசிக்கவேண்டும். அரசு அட்டவணையில் 91-க்கு மேல் ‘மோசம்’, 121-க்கு மேல் ‘மிக மோசம்’, 250-க்கு மேல் ‘கடுமை’.

முகக்கவசம் போட்டு நடக்கலாமா? சரியாகப் பொருந்திய என்-95 துகளைத் தடுக்கும், நீலநிற சர்ஜிகல் மாஸ்க் பெரிதாகத் தடுக்காது. ஆனால் வயதானவர்களுக்கு என்-95 போட்டு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். மருந்துக்கடைக்குப் போய்வர, மெட்ரோ வரை நடக்கப் போடுங்கள். உடற்பயிற்சிக்காக அதைப் போட்டு நடக்கவேண்டிய அளவு காற்று கெட்டிருந்தால் அன்று வீட்டிலேயே இருப்பது மேல். வீட்டிலும் சாம்பிராணி, ஊதுபத்தி, எண்ணெய்ப் புகை எல்லாம் துகள்தான். பயிற்சி செய்யும் அறையில் அந்த நேரத்தில் வேண்டாம்.

அப்புறம் மார்கழி. நாலரைக்கு எழுந்து குளித்துக் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது பல அம்மாக்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் திருப்புகழ் கேட்காமல் என்ன மார்கழி என்பார்கள். தடுக்கச் சொல்லவில்லை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதிகாலையில் இயல்பாகவே அழுத்தம் ஏறும் நேரம் வேறு. மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலக் காலையில் கூடுவதற்கு இதெல்லாம் சேர்ந்ததுதான் காரணம். அதனால் படுக்கையைவிட்டு எழுந்ததும் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றவேண்டாம். கீசர் போட்டு, குளியலறைக் கதவைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துச் சூடாக்கி, காலிலிருந்து தொடங்கி மேலே வரட்டும். தலைக்குக் குளிப்பதை வெயில் வந்த நாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கோயிலுக்கு வண்டியில் போகட்டும், அன்றைய நடை மதியத்துக்கு. குளிர்ந்த கல் தரையில் வெறுங்காலோடு நின்றால் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதம் மரத்துப்போகும். சாதாரண காலுறை வழுக்கும், அடியில் ரப்பர் புள்ளி வைத்தது வாங்குங்கள்.

“அம்மா, இன்னிக்கு மூடுபனி, நாளைக்குப் போலாமே” என்றால் “நீ தூங்கு, நான் ஆட்டோல போயிக்கறேன்” என்று பதில் வரும். ஆகவே முந்தின இரவே வண்டிக்கு ஏற்பாடு செய்துவிடுவது சண்டையைத் தவிர்க்கும்.

உடை: ஒரு தடிமனான ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு நல்லது. நடந்து சூடானதும் ஒன்றைக் கழற்றலாம். மங்கி குல்லா விஷயத்தில் எனக்குத் தகராறு உண்டு. குளிரைத் தடுக்கும், சரி. ஆனால் காதை அடைத்துப் பக்கப் பார்வையையும் மறைக்கும். பின்னால் சத்தமில்லாமல் வரும் இ-ரிக்‌ஷா தெரியாது. பார்க்குக்குள் போட்டுக்கொள்ளலாம், சாலையில் காதைத் திறந்துவிடும் கம்பளித் தொப்பி போதும்.

மூடுபனி நாள்கள் இருக்கின்றன, நாலு நாள் சூரியனையே பார்க்க முடியாதபடி. அந்த நாள்களில் மதியமும் 15 டிகிரியைத் தாண்டாது. அப்போது வசந்த் குஞ்ச், சாகேத் மால்களில் வார நாள் மதியம் கூட்டமிருக்காது, இரண்டு சுற்று நடக்கலாம், உட்கார இடமும் கழிவறையும் உண்டு. கழிவறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வயதான பெண்கள் பலர் நடக்க வராததற்கும், குளிர்காலத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்பதற்கும் உண்மையான காரணம் இதுதான், வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். பார்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது பூட்டாத கழிவறை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டைச் சுற்றிப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடப்பதே போதும், பலனில் குறைவில்லை.

*பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை.* ஆண்டின் பரிசு. காலை ஏழரைக்கு மேலும் நடக்கலாம், மாலை ஐந்துக்கும் நடக்கலாம். லோதி தோட்டம், நேரு பார்க், ஹௌஸ் காஸ் மான் பூங்கா எல்லாம் பூத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் குறைந்த வலுவை மீட்டு, கோடைக்குச் சேமிக்கும் நேரம் இது. வாரம் ஐந்து நிமிடம் வீதம் நடையை நீட்டுங்கள். கல்யாணம், ஊர்ப் பயணம் எல்லாவற்றையும் இந்த ஆறு வாரத்தில் போட்டு வீணாக்காமல் இருந்தால் நல்லது.

*ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை.* இந்திய வானிலைத் துறைக் கணக்கில் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட நாலரை டிகிரி கூடுதலாகவும் இருந்தால் வெப்ப அலை. 45-ஐத் தொட்டால் இயல்பு எதுவாக இருந்தாலும் வெப்ப அலைதான். நாம் எல்லோரும் பகலின் உச்ச வெப்பத்தைத்தான் பேசுகிறோம். நடைக்குப் பார்க்கவேண்டியது இரவின் குறைந்தபட்ச வெப்பத்தை. 2024 ஜூன் நடுவில் டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் அது 35 டிகிரியைத் தாண்டியது. அப்படி இரவு முழுக்க உடம்பு ஆறாத நாளில், அதிகாலை ஐந்து மணி என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. என் வரம்பு: குறைந்தபட்சம் 28-க்குள் இருந்தால் சாதாரண நடை, 30 வரை பாதி, 30 தாண்டினால் வீட்டுக்குள்.

நேரம் அதிகாலை ஐந்திலிருந்து ஆறரைக்குள். ஜூனில் ஐந்து மணிக்கே கண் தெரியும் வெளிச்சம் உண்டு. மாலை ஐந்து, ஆறு மணி நடையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பகலெல்லாம் வெந்த சுவரும் தார்ச் சாலையும் அப்போதுதான் வெப்பத்தைக் கக்கும். கோடைப் பிற்பகலில் தரைமட்ட ஓசோனும் கூடுதல், நுரையீரல் நோயாளிக்கு அது எரிச்சல். மாலையில்தான் முடியும் என்றால் ஏழரைக்குமேல், விளக்கு நன்றாக எரியும் உள் சாலையில் மட்டும். கண்புரை உள்ளவர்களுக்கு எதிரே வரும் ஹெட்லைட் கண்ணைக் கூசி, காலடியில் பள்ளம் தெரியாமல் போகும்.

வயதானவர்களுக்கு வியர்வை குறைவாக வரும், தாகமும் தாமதமாகத்தான் தெரியும். ஆகவே ‘தாகம் எடுத்தால் குடிக்கிறேன்’ என்பது செல்லாது. கிளம்புமுன் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர், நடுவில் உப்புப் போட்ட மோர். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரையும் உப்பையும் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அளவை மருத்துவரே சொல்லவேண்டும், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடியதில்லை. மேற்கிலிருந்து லூ என்ற அனல்காற்று வீசும் பகலில் பால் வாங்கக்கூட அனுப்பவேண்டாம். ஆந்தி என்ற புழுதிப் புயல் வரும் மாலையில் மரத்தடியில் நிற்கக்கூடாது.

கோயில் பிரகாரத்தில் பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலோடு சுற்றுவது மே மாதத்தில் ஆபத்து. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்துதான் தெரியும். பிரதட்சிணத்தைக் காலை நடையோடு சேர்த்துவிடலாம்.

*ஜூலை முதல் செப்டம்பர் வரை.* பருவமழை டெல்லிக்கு வழக்கமாக ஜூன் கடைசி வாரத்தில் வரும். வெப்பமானி 34 காட்டும், ‘நாற்பத்தைந்தை விட்டு வந்தாச்சே’ என்று பெரியவர்கள் துணிந்து கிளம்புவார்கள். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பை ஆற்றாது. இந்த உமஸ் (புழுக்க) நாள்களில் வேகம் குறையவேண்டும். ஏர்கூலரும் ஜூன்வரைதான் கூட்டாளி, ஈரக்காற்றில் அது அறையை மேலும் புழுக்கும். நல்ல செய்தி, மழை புகையைக் கழுவிவிடும், காற்று ஆண்டிலேயே சுத்தம். பாசி பிடித்த நடைபாதைக் கல்லில் ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பட்டையுள்ள ரப்பர் அடிச் செருப்போ ஷூவோ போடட்டும். தண்ணீர் தேங்கிய தெருவில் மூடியில்லாத சாக்கடை கண்ணுக்குத் தெரியாது. டெங்கு கொசு பகலில் கடிப்பது, விடிந்தபின்னும் பொழுது சாயுமுன்னும் அதிகம். நடை நேரமும் அதுவே என்பதால் கணுக்கால் வரை மூடுவது அவசியம்.

*செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரை.* மறுபடி நல்ல காலம். தீபாவளிக்கு முதல்நாளோடு காலை நடையை முடித்து மதியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நான்காவது: வெளியே போகமுடியாத நாளுக்கு வீட்டுக்குள் ஒரு பட்டியல்

இதை முன்கூட்டியே பழக்கவேண்டும். புகை மூண்டபிறகு தொடங்கலாம் என்றால் நடக்காது. நாற்காலியில் எழுந்து உட்காருதல், பத்துத் தடவை, இரண்டு சுற்று. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குதல். ஒற்றைக்காலில் பத்து விநாடி, மேடையில் விரல் பட்டபடி. ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை ஒட்டிவைத்துச் சுவரோரமாக நேர்கோட்டில் நடப்பது. பிறகு படுக்கையறையிலிருந்து பால்கனி வரை பத்து நிமிடம் நடை, ரேடியோவோ பாட்டோ போட்டுக்கொண்டு. சீரியல் பார்ப்பவர்களுக்கு என் ஏற்பாடு இது: விளம்பரம் வந்தால் உட்காரக்கூடாது. அரை மணி சீரியலில் அதுவே நல்ல நேரம் ஆகிவிடுகிறது.

தரையில் விரித்த சிறு மிதியடிகளை எடுத்துவிடுங்கள். நடை வழியில் ஹீட்டர் வயர் கிடக்கக்கூடாது. அடைத்த அறையில் கரி அங்கீட்டி (கணப்பு அடுப்பு) எந்த நாளும் வேண்டாம், கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாமல் கொல்லும்.

ஐந்தாவது: போயே ஆகவேண்டிய ஒரு காரணம்

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் 3,000-க்கும் மேற்பட்ட நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் உடலசைவைப் பதியும் கருவியைக் கட்டி ஆராய்ந்தார்கள், முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. பகல் குறைந்தால், குளிர்ந்தால், மழை பெய்தால் அசைவு குறைந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் நாயை நடத்திச் செல்பவர்கள் மிக மோசமான நாளில்கூட, நாய் இல்லாதவர்கள் மிக நல்ல நாளில் அசைந்ததைவிட அதிகம் அசைந்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குச் சூடு வந்தால் வெளியே வர ஆசை, நமக்கு உள்ளே ஓட ஆசை, ஆகவே அவர்களின் வெப்பக் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது. நாய் விஷயம் மட்டும் இங்கேயும் பொருந்தும்: வானிலையை மீறி ஒருவரைக் கிளப்புவது ஒரு பொறுப்பு.

நாய் வளர்க்கச் சொல்லவில்லை. பல வீடுகளில் அது வேறு சண்டை. மதர் டெய்ரி பூத்தில் பால் வாங்குவது தாத்தாவின் வேலை, பூஜைக்குப் பூ வாங்குவது பாட்டியின் வேலை, மதியம் பள்ளி பஸ்ஸிலிருந்து பேரனைக் கூட்டிவருவது யாராவது ஒருவரின் வேலை என்று ஒப்படையுங்கள். ‘நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா, நான் ஆப்பில் ஆர்டர் பண்ணிக்கறேன்’ என்பதுதான் பாசத்தோடு செய்யும் கெடுதல். வாரச் சந்தை நாளில் கூட அழைத்துப்போங்கள், காய்கறி பேரம் பேசியபடியே ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும்.

அம்மாவுக்கு இந்தி வராது என்பதால் பார்க்கில் கொத்துக் கொத்தாக உட்கார்ந்து வெயில் காயும் கூட்டத்தில் சேராமல் திரும்பிவிடுவார். டெல்லித் தமிழ்ச் சங்கத்திலோ கோயிலிலோ அறிமுகமான, அதே காலனியில் இருக்கும் ஒரு மாமியைப் பிடியுங்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் வராவிட்டால் மற்றவர் வீட்டு மணியை அடிப்பார். குளிர்கால மதியத்தில் கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தால் பஞ்சாபி ஆன்ட்டிகளோடு சிநேகம் தானாக வரும், அதற்கு மொழி அவ்வளவு தேவைப்படுவதில்லை.

ஆறாவது: ஆண்டுக்கு இரண்டுமுறை மருந்துச் சீட்டு

கூலரை எடுக்கும்போது ஒருமுறை, ஹீட்டரை எடுக்கும்போது ஒருமுறை மருத்துவரிடம் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். ரத்த அழுத்தம் குளிரில் ஏறும், வெயிலில் இறங்கும். ஜனவரியில் சரியாக இருந்த அளவு மே மாதத்தில் அதிகமாகி, எழுந்து நின்றதும் கண் இருட்டலாம். நீர் பிரியும் மாத்திரை வெயிலில் உடம்பை உலர்த்தும். சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் சிறுநீர்ப்பை மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். பீட்டா பிளாக்கர் என்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு ஏறாது, கடிகாரம் சொல்லும் துடிப்பு இலக்கைப் பார்த்து வேகத்தைக் கூட்டக்கூடாது. எதையும் நீங்களாகக் குறைக்காதீர்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். வைட்டமின் டி-யையும் அப்போதே கேட்டுவிடலாம். வயதான தோல் வெயிலிலிருந்து அதைக் குறைவாகத்தான் தயாரிக்கும், பனியும் புகையும் மறைத்த டிசம்பரில் இன்னும் குறைவு.

ஏழாவது: உடனே நிறுத்தவேண்டிய அறிகுறிகள்

மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, பேச்சுக் குழறல், வாய் ஒருபக்கம் கோணுவது, பேசமுடியாத மூச்சுத்திணறல்: நடையை நிறுத்தி 112-ஐக் கூப்பிடுங்கள். வெயிலில் உளறினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024 மே மாதம் இதற்கென்றே பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டிகளோடு தனிப் பிரிவு திறந்தார்கள்.

ஊரிலிருந்து வருபவர்களுக்கு

ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்கும் பெற்றோர் பலர். பேரக் குழந்தைகளின் விடுமுறையைப் பார்த்து மே மாதமும், பொங்கல் முடித்து ஜனவரியும் வருவதுதான் வழக்கம். நடைக்கு இரண்டுமே கெட்ட நேரம். 22 டிகிரிக் காலையிலிருந்து ஆறு டிகிரிக் காலைக்கு ஒரே ரயில் பயணத்தில் வந்து இறங்குகிறார்கள். புதுச் சூட்டுக்கு உடம்பு பழகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும், முதல் வாரம் ஊரில் நடந்ததில் பாதி போதும். முடிந்தால் பிப்ரவரி நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ வரவையுங்கள். வந்த நாளிலிருந்தே வெளியே நடந்து, அக்கம்பக்கத்தைப் பழகிக்கொள்வார்கள். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, ஆகவே பிப்ரவரி 15-க்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கவேண்டும் என்றால் டிசம்பர் 17 வாக்கில் காலை எட்டு மணிக்கே தயாராக உட்காரவேண்டும்.